முதல்நிலை மருத்துவத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துப் பரிந்துரையும் கணினிவழி முடிவுத்துணையும்: செயல்முறை, சான்றுகள், வரம்புகள்

ஆய்வுச் சுருக்கம்

சளி, இருமல், தொண்டைவலி, காய்ச்சல் ஆகியவற்றுக்காக முதல்நிலை மருத்துவத்தில் எழுதப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளில் கணிசமான பகுதி நோயாளிக்குப் பயன் தராதது. அதனால் பெருகும் மருந்து எதிர்ப்புத் திறன் சமூகம் முழுவதையும் பாதிக்கிறது. மருந்துச் சீட்டு எழுதப்படும் வேளையில் மருத்துவருக்குத் துணைநிற்கும் கணினிவழி அமைப்புகள் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வாக முன்வைக்கப்படுகின்றன. அவற்றின் உறுப்புகளையும் வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது. அமெரிக்கா, இங்கிலாந்து, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவுகளையும் எடுத்துரைக்கிறது. கணினி தரும் அறிவுரையின் சரித்தன்மையைக் காட்டிலும், மருத்துவரின் பணியோட்டத்தில் அது எவ்விடத்தில் அமைகிறது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

திறவுச்சொற்கள்: நுண்ணுயிர் எதிர்ப்பி, மருந்து எதிர்ப்புத் திறன், முதல்நிலை மருத்துவம், முடிவுத்துணை அமைப்பு, மருந்துப் பரிந்துரை, ஆரம்ப சுகாதார நிலையம்.

1. முன்னுரை

காய்ச்சலும் இருமலுமாக ஒரு குழந்தையைத் தாய் மருத்துவரிடம் கொண்டுவருகிறார். நோய்க்குக் காரணம் வைரஸா, பாக்டீரியாவா என்பது அந்நேரத்தில் மருத்துவருக்கு உறுதியாகத் தெரிவதில்லை. வைரஸாக இருப்பின் நுண்ணுயிர் எதிர்ப்பியால் பயனில்லை. பாக்டீரியாவால் வந்த நிமோனியாவாக இருந்து, மருந்து கொடுக்காமல் அனுப்பிவிட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேரலாம். வெளியே வரிசை நீண்டிருக்கிறது. இந்நிலையில் மருந்தை எழுதிவிடுவதே மருத்துவருக்குப் பாதுகாப்பான வழியாகத் தோன்றுகிறது. ஒரு சீட்டு என்ற அளவில் பார்த்தால் இது சிறு செயல். நாள்தோறும் இலட்சக்கணக்கான அறைகளில் இதுவே நிகழும்போது அதன் விளைவு பெரிதாகிறது.

ஆன்டிபயாடிக் என்று பேச்சுவழக்கில் வழங்கும் மருந்துகளே இக்கட்டுரையில் நுண்ணுயிர் எதிர்ப்பி எனக் குறிக்கப்படுகின்றன. இம்மருந்துகளுக்குப் பாக்டீரியாக்கள் கட்டுப்படாமல் வளரும் தன்மை மருந்து எதிர்ப்புத் திறன் எனப்படும். பெனிசிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் ஆற்றிய நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்தை உட்கொண்டால் நுண்ணுயிர்கள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்புத் திறனால் 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் நேரடியாக 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்றும், அதனோடு தொடர்புடைய இறப்புகள் 49.5 இலட்சம் என்றும் 2022-இல் லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு கூறுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2024-இல் ஏற்றுக்கொண்ட அரசியல் சாற்றுரை, தொடர்புடைய இவ்விறப்புகளை 2030-க்குள் 10 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற இலக்கை வகுத்துள்ளது.

மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளே இச்சிக்கலின் களம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும் மனிதருக்கு வழங்கப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளில் பெரும்பகுதி புறநோயாளிகளுக்கே எழுதப்படுகிறது. ஆதலால் முதல்நிலை மருத்துவத்தின் பரிந்துரை முறையைச் சீர்செய்யாமல் இச்சிக்கலைத் தீர்க்க இயலாது.

2. தேவையற்ற பரிந்துரை ஏன் நிகழ்கிறது?

மருத்துவருக்கு விதி தெரியாததால் தவறான பரிந்துரை நிகழ்கிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது உண்மையாயின் பயிற்சி வகுப்புகளும் கையேடுகளும் போதுமானவை. சாதாரண சளிக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி தேவையில்லை என்பதை அறியாத மருத்துவர் அரிது. அறிந்தும் எழுதுவதற்கு நான்கு காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, நோயறிதலின் ஐயம். இரண்டாவது, தவறுகளின் சமனின்மை. தேவையற்ற மருந்தால் வரும் தீங்கு எங்கோ, எவருக்கோ, பின்னொரு நாளில் நேர்வது. மருந்து தராததால் வரும் தீங்கு கண்ணெதிரே அமர்ந்திருக்கும் நோயாளிக்கு நேர்வது. மூன்றாவது, நோயாளி மருந்தை எதிர்பார்க்கிறார் என்ற மருத்துவரின் ஊகம். நான்காவது, நேரமும் களைப்பும்.

நேரத்தின் பங்கை 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. முதல்நிலை மருத்துவரின் சராசரிக் கலந்தாய்வு நேரம் வங்கதேசத்தில் 48 நொடியாகவும் சுவீடனில் 22.5 நிமிடமாகவும் பதிவாகியிருந்தது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதியைக் கொண்ட 18 நாடுகளில் அது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோ ஆகும். களைப்பின் பங்கை 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு அளந்தது. மூச்சுப்பாதைத் தொற்றுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி எழுதப்படும் வாய்ப்பு, பணிவேளையின் முதல் மணி நேரத்தோடு ஒப்பிடுகையில் நான்காம் மணி நேரத்தில் 1.26 மடங்காக உயர்ந்திருந்தது. காலையில் இருந்த அறிவு நண்பகலில் மறைந்துவிடுவதில்லை. அறிவைச் செயற்படுத்தும் வலுவே குறைகிறது. முடிவுத்துணை அமைப்பு எதற்குத் துணைநிற்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

3. முடிவுத்துணை அமைப்பின் உறுப்புகள்

மருத்துவ முடிவுத்துணை அமைப்பு என்பது, ஒரு குறிப்பிட்ட நோயாளியின் விவரங்களைத் தொகுக்கப்பட்ட மருத்துவ அறிவோடு பொருத்தி, அந்நோயாளிக்கு ஏற்ற அறிவுரையை உரிய நேரத்தில் தரும் கணினி நிரல் ஆகும். இதில் நான்கு உறுப்புகள் உள்ளன: விதிகளைக் கொண்ட அறிவுத்தளம், வயது, அறிகுறி, ஒவ்வாமை, ஆய்வக முடிவு போன்ற நோயாளித் தரவு, இரண்டையும் பொருத்தும் ஊகப்பொறி, அறிவுரையைக் காட்டும் திரை.

3.1 விதிகள்

பெரும்பாலான அமைப்புகளின் அறிவுத்தளம் எளிய விதிகளால் ஆனது. தொண்டைவலிக்கு 1981-இல் வெளியான சென்டர் அளவுகோல் தக்க சான்று. தொண்டைச் சதையில் சீழ்ப்படலம், கழுத்தின் முன்புறத்தில் வலியுடன் கூடிய நெறிக்கட்டி, காய்ச்சல், இருமல் இல்லாமை ஆகிய நான்குக்கும் தலா ஒரு மதிப்பெண். பின்னர் மெக்கைசாக் செய்த திருத்தம் வயதையும் சேர்த்தது: 15 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு மதிப்பெண் கூடும், 45 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு ஒன்று குறையும்.

இதனை இரு நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். காய்ச்சலும் நெறிக்கட்டியும் உடைய 50 வயதுடையவருக்கு இருமலும் இருக்கிறது, சீழ்ப்படலம் இல்லை எனில், அவரது மதிப்பெண் இரண்டிலிருந்து ஒன்று குறைந்து ஒன்றாகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கான வாய்ப்பு குறைவு. நுண்ணுயிர் எதிர்ப்பி தேவைப்படாது. நான்கு அறிகுறிகளும் பொருந்தும் பத்து வயதுச் சிறுமிக்கு மதிப்பெண் ஐந்து. அவளுக்குத் தொண்டைச் சளிப் பரிசோதனையோ மருந்தோ தேவை என்று கணினி கூறும்.

குழந்தைகளின் நிமோனியாவைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த விதி மூச்சின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. நிமிடத்திற்கு 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, 2 முதல் 12 மாதம் வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 என்பன வரம்புகள். அவற்றைத் தொட்டாலோ மிஞ்சினாலோ அது வேகமான மூச்சு. இவ்விதி சிறியது, எனினும் முழு நிமிடம் மூச்சை எண்ணுவதே பல இடங்களில் நடைபெறுவதில்லை. எண்ணிக்கையை உள்ளிடாமல் அடுத்த திரைக்குச் செல்ல விடாத செயலி, விதியை நினைவூட்டுவதோடு எண்ணும் பழக்கத்தையும் நிலைநிறுத்துகிறது.

3.2 கூடுதல் தகவல்

அறிகுறிகளால் மட்டும் தீராத ஐயங்கள் உண்டு. அங்கே நோயாளியின் அருகிலேயே செய்யத்தக்க பரிசோதனைகள் உதவுகின்றன. இரத்தத்தில் சி.ஆர்.பி. எனப்படும் அழற்சிப் புரதத்தின் அளவைக் காண்பது அவற்றுள் ஒன்று. இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட நிமோனியா வழிகாட்டி, கீழ்மூச்சுப்பாதைத் தொற்றில் நோய் தெளிவாகாதபோது இதனைப் பயன்படுத்தும் முறையைக் கூறியது: லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே எனில் வழக்கமாக மருந்து வேண்டாம், 20 முதல் 100 வரை எனில் நோய் முற்றினால் மட்டும் வாங்கிக்கொள்ளத்தக்க காலந்தாழ்த்திய சீட்டு, 100-ஐ மிஞ்சினால் உடனே மருந்து.

3.3 தலையிடும் முறைகள்

அறிவுரை மருத்துவரை அடையும் வழியைக் கொண்டு இவ்வமைப்புகளை நான்கு வகைப்படுத்தலாம். மருத்துவர் தாமே திறந்து பார்க்க வேண்டியவை முதல் வகை. மருந்தை எழுதும்போது தாமே தோன்றி எச்சரிப்பவை இரண்டாம் வகை. நோயாளி அமர்ந்தது முதல் சீட்டு எழுதும் வரை ஒவ்வொரு படியாக அழைத்துச் செல்பவை மூன்றாம் வகை. மருத்துவரின் பரிந்துரை அளவைக் கணக்கிட்டுப் பிறரோடு ஒப்பிட்டுப் பின்னர் தெரிவிப்பவை நான்காம் வகை. கீழ்க்காணும் சான்றுகளைப் புரிந்துகொள்ள இப்பகுப்பு பயன்படும்.

4. வரலாற்றுப் பின்புலம்

கணினியால் நோயறிதலில் உதவ முடியும் என்பதை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் குழுவினர் 1972-இல் காட்டினர். கடும் வயிற்றுவலியுடன் வந்த 304 நோயாளிகளில் கணினியின் நோயறிதல் 91.8 விழுக்காடு சரியாக இருந்தது. அக்குழுவின் மூத்த மருத்துவருக்கு அது 79.6 விழுக்காடு.

நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கென்றே உருவானது மைசின் என்னும் நிரல். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் 1970-களில் உருவாக்கிய இது, நூற்றுக்கணக்கான விதிகளைக் கொண்டு இரத்தத் தொற்றுக்கும் மூளை உறை அழற்சிக்கும் மருந்தைப் பரிந்துரைத்தது. 1979-இல் வெளியான மதிப்பீட்டில் பத்து நோயாளிகளின் விவரங்களுக்கு மைசினும் பல்கலைக்கழக வல்லுநர்களும் தந்த பரிந்துரைகள், எவருடையவை என்று அறிவிக்கப்படாமல் எட்டு நடுவர்களிடம் தரப்பட்டன. மைசினின் பரிந்துரைகளில் 65 விழுக்காடு ஏற்கத்தக்கவை எனப்பட்டன. வல்லுநர்களுக்கு அது 42.5 முதல் 62.5 விழுக்காடு வரை. இவ்வளவு திறன் பெற்றிருந்தும் மைசின் ஒரு நாளும் நோயாளிச் சிகிச்சையில் பயன்படுத்தப்படவில்லை. நோயாளியின் விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, கேள்விகளுக்கு விடையளித்துக்கொண்டிருக்க எந்த மருத்துவருக்கும் நேரமில்லை.

அத்தடையை நீக்கியது அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலுள்ள எல்.டி.எஸ். மருத்துவமனையின் அமைப்பு. அங்கே நோயாளியின் தரவு முன்பே கணினியில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அதனைப் பயன்படுத்தியதன் விளைவு 1998-இல் வெளியானது. அமைப்புக்கு முந்தைய இரண்டாண்டுகளில் 1,136 நோயாளிகளும், அமைப்பு இயங்கிய ஓராண்டில் 545 நோயாளிகளும் இதில் இடம்பெற்றனர். ஒவ்வாமை உள்ளவருக்கே அம்மருந்தை எழுதிய நிகழ்வுகள் 146-இலிருந்து 35-ஆகவும், மிகை அளவுகள் 405-இலிருந்து 87-ஆகவும் குறைந்தன. நோயாளிகளின் எண்ணிக்கை பாதியளவே என்பதைக் கணக்கிற்கொண்டாலும் இக்குறைவு பெரிது. அறிவுரை அதே வகையானதுதான். மருத்துவரின் உழைப்பைக் கூட்டாமல் அது வந்து சேர்ந்தது என்பதே வேறுபாடு.

5. முதல்நிலை மருத்துவத்தில் கிடைத்த சான்றுகள்

5.1 தாளும் கணினியும்

அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ மாநிலங்களின் ஊரகச் சமூகங்களில் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. சில சமூகங்களில் மக்களுக்கு விழிப்புணர்வுப் பரப்புரை மட்டும் நடந்தது. வேறு சிலவற்றில் பரப்புரையோடு, தாளிலும் கையடக்கக் கணினியிலும் அமைந்த முடிவுத்துணை மருத்துவர்களுக்கு வழங்கப்பட்டது. முடிவுத்துணை பெற்ற சமூகங்களில் நூறு பேருக்கு ஆண்டுக்கு 84.1 ஆக இருந்த பரிந்துரை 75.3 ஆகக் குறைந்தது. பரப்புரை மட்டும் நடந்தவற்றில் அது 84.3-இலிருந்து 85.2 ஆயிற்று.

பென்சில்வேனியாவின் 33 மருத்துவ நிலையங்களில் கடும் மூச்சுக்குழல் அழற்சி பற்றி நடந்து 2013-இல் வெளியான ஆய்வு தாளையும் கணினியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. அச்சிட்ட படிவம் பயன்படுத்தியவற்றில் மருந்து பெற்றோர் 80.0-இலிருந்து 68.3 விழுக்காடாகவும், கணினி பயன்படுத்தியவற்றில் 74.0-இலிருந்து 60.7 விழுக்காடாகவும் குறைந்தனர். எதுவும் வழங்கப்படாதவற்றில் 72.5-இலிருந்து 74.3 ஆயிற்று. சுவரில் ஒட்டிய தாளும் கணினியும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன என்பது கணினித்துறை ஆய்வாளர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

5.2 பயன்படுத்தப்படாத கருவி

பாஸ்டன் பகுதியின் 27 மருத்துவ நிலையங்களில் மூச்சுப்பாதைத் தொற்றுக்கென ஓர் அறிதிறன் படிவம் மின்பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆய்வு 2009-இல் வெளியானது. படிவம் உள்ள நிலையங்களில் 39 விழுக்காடும் இல்லாதவற்றில் 43 விழுக்காடும் மருந்து பெற்றனர். புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடு ஆகாது. காரணம் எளிது. தகுதியான வருகைகளில் 6 விழுக்காட்டில் மட்டுமே மருத்துவர்கள் படிவத்தைத் திறந்தனர்.

நியூயார்க்கில் தொண்டைவலிக்கும் நிமோனியாவுக்கும் உரிய மதிப்பெண் கணிப்பானை மின்பதிவேட்டில் இணைத்த ஆய்வு 2013-இல் நற்பயனை அறிவித்தது. அங்கே பாதிக்கும் மேற்பட்ட வருகைகளில் கணிப்பான் பயன்படுத்தப்பட்டது. அதே அணுகுமுறை பின்னர் வேறு மாநிலங்களில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டபோது, 2020-இல் வெளியான முடிவின்படி பயன்பாடு ஏறத்தாழ 7 விழுக்காடாகச் சுருங்கியது. மருந்துப் பரிந்துரையில் மாற்றம் காணப்படவில்லை. விதி மாறவில்லை, களம் மாறியது.

5.3 காரணம் எழுதச் செய்தலும் ஒப்பிட்டுக் காட்டலும்

பாஸ்டனிலும் லாஸ் ஏஞ்சலிசிலும் 47 நிலையங்களில் 248 மருத்துவர்களிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. அது மூன்று முறைகளைச் சோதித்தது. முதலாவது, மாற்று மருத்துவத்தைத் திரையில் பரிந்துரைத்தல். இரண்டாவது, நுண்ணுயிர் எதிர்ப்பி எழுதும்போது அதற்கான காரணத்தை மருத்துவரே எழுதச் செய்து, அதை நோயாளியின் பதிவேட்டில் பிறர் காணுமாறு வைத்தல். மூன்றாவது, குறைவாக எழுதும் சக மருத்துவர்களோடு ஒப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புதல். தேவையற்ற பரிந்துரை, காரணம் எழுதச் செய்த குழுவில் 23.2-இலிருந்து 5.2 விழுக்காடாகவும், ஒப்பிட்டுக் காட்டிய குழுவில் 19.9-இலிருந்து 3.7 விழுக்காடாகவும், மாற்று கூறிய குழுவில் 22.1-இலிருந்து 6.1 விழுக்காடாகவும் குறைந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எந்த முறையும் செயற்படுத்தப்படாத குழுவிலும் 24.1-இலிருந்து 13.1 விழுக்காடாக, அதாவது 11 புள்ளிகள், குறைந்திருந்தது. காரணம் எழுதச் செய்ததன் உண்மைப் பயன் 18 புள்ளி அன்று. 18-இலிருந்து 11-ஐக் கழித்து எஞ்சும் 7 புள்ளியே ஆகும். அதேபோல ஒப்பிட்டுக் காட்டியதன் பயன் 5.2 புள்ளி. மாற்று கூறிய முறைக்குக் கிடைத்த 5 புள்ளி வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் "முன்", "பின்" என்று மட்டும் அளக்கும் திட்டங்கள் தம் பயனை எவ்வளவு மிகைப்படுத்தக்கூடும் என்பதற்கு இது தெளிவான சான்று.

5.4 இங்கிலாந்து அனுபவம்

இங்கிலாந்து உள்ளிட்ட ஐக்கிய இராச்சியத்தின் 79 பொது மருத்துவ நிலையங்களில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. இணையவழிக் கருத்துரை, மாதந்தோறும் பரிந்துரை அறிக்கை, மின்பதிவேட்டில் முடிவுத்துணை ஆகிய மூன்றும் 12 மாதங்களுக்கு வழங்கப்பட்டன. மூச்சுப்பாதைத் தொற்றுக்கான பரிந்துரை ஆயிரம் நோயாளி ஆண்டுகளுக்கு 98.7, வழக்கமான மருத்துவம் நடந்த நிலையங்களில் 107.6. இது 12 விழுக்காடு குறைவு. 15 முதல் 84 வயது வரையுள்ளோரில் 62 பேருக்கு ஆண்டுக்கு ஒரு சீட்டு தவிர்க்கப்பட்டது. கடுமையான பாக்டீரியச் சிக்கல்கள் கூடியதற்குச் சான்றில்லை. ஆனால் 15 வயதுக்குட்பட்ட சிறாரிடமும் 85 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடமும் பயன் தென்படவில்லை. எங்கே மருத்துவரின் அச்சம் மிகுதியோ அங்கே நினைவூட்டல் மட்டும் போதவில்லை என்று இதனைப் பொருள்கொள்ளலாம்.

5.5 தான்சானிய அனுபவம்

அச்சம் மிகுந்த அந்தக் குழந்தை மருத்துவத்தில்தான் மிகப்பெரிய மாற்றம் தான்சானியாவில் நிகழ்ந்தது. தலைநகராக முன்பு விளங்கிய தார் எஸ் சலாமில், காய்ச்சலுடன் வந்த ஐந்து வயதுக்குட்பட்ட 3,192 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. இபாக்ட் எனப்படும் கைக்கணினி நிரல் ஒவ்வொரு படியாக வழிநடத்தி, தேவையானபோது சி.ஆர்.பி., இரத்த ஆக்சிஜன் அளவு போன்றவற்றையும் காணச் செய்தது. அதனால் வழிநடத்தப்பட்ட குழந்தைகளில் 11.5 விழுக்காட்டினர் மட்டுமே நுண்ணுயிர் எதிர்ப்பி பெற்றனர். ஆல்மனாக் எனப்படும் முந்தைய நிரலில் 29.7 விழுக்காடு, வழக்கமான மருத்துவத்தில் 94.9 விழுக்காடு. ஏழாம் நாளில் நலம்பெறாதோர் இபாக்ட் குழுவில் 2.3 விழுக்காடு, ஆல்மனாக் குழுவில் 4.1 விழுக்காடு. குறைவான மருந்தும் கூடுதல் நலமும் ஒருசேரக் கிடைத்தன.

கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுச்சூழலில் கிடைத்த இம்முடிவு அன்றாடச் சூழலில் நிலைக்குமா என்ற ஐயத்துக்கு, நிரலின் விரிவான வடிவத்தைக் கொண்டு 40 சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2024-இல் விடையளித்தது. இருபது நிலையங்களில் நிரல், பரிசோதனைக் கருவி, தொடர் வழிகாட்டுதல் ஆகியன வழங்கப்பட்டன. அங்கு 23.2 விழுக்காட்டு வருகைகளில் நுண்ணுயிர் எதிர்ப்பி எழுதப்பட்டது. ஏனைய இருபதில் 70.1 விழுக்காடு. ஏழாம் நாளில் நலம்பெறாதோர் முறையே 3.7, 3.8 விழுக்காடு. மூன்றில் இரு பங்கு மருந்து குறைந்தும் குழந்தைகளின் நலம் குன்றவில்லை.

6. சான்றுகள் உணர்த்துவன

மேற்கண்டவற்றை ஒருங்கே நோக்கினால் சில பொதுமைகள் புலப்படும்.

முதலாவது, மருத்துவர் தாமே தேடித் திறக்க வேண்டிய கருவி திறக்கப்படுவதில்லை. மைசின், பாஸ்டன் படிவம், பெரிய அளவில் சோதிக்கப்பட்ட கணிப்பான் ஆகியவை ஒரே காரணத்தால் தோற்றன. எனவே ஓர் அமைப்பை மதிப்பிடுவோர், பரிந்துரை குறைந்ததா என்று கேட்குமுன் எத்தனை வருகைகளில் அது பயன்பட்டது என்று கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, இரண்டாம் பகுதியில் சுட்டிய காரணங்களுள் எதனைக் கருவி களைகிறதோ அதற்கேற்ப அதன் பயன் அமைகிறது. காரணம் எழுதச் செய்யும் முறை, தேவையற்ற மருந்தால் வரும் தீங்குக்கும் ஒரு சிறு விலையை அக்கணத்திலேயே வைத்து, தவறுகளின் சமனின்மையைக் குறைக்கிறது. தான்சானிய நிரல் நோயறிதலின் ஐயத்தையே குறைக்கிறது. மருத்துவர் முன்பே அறிந்ததைத் திரும்பக் கூறும் எச்சரிக்கை இவற்றுள் எதையும் செய்வதில்லை. பலமுறை தோன்றினால் படிக்கப்படாமல் மூடப்படும்.

மூன்றாவது, தொடக்க அளவு. ஏற்கெனவே நாலில் ஒரு பங்காக இருந்த அமெரிக்க நிலையங்களில் கிடைத்த குறைவையும், பத்தில் ஏழு பங்காக இருந்த தான்சானிய நிலையங்களில் கிடைத்த குறைவையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது.

நான்காவது, அளவீட்டின் பொறி. அமைப்பு "மூச்சுக்குழல் அழற்சி" என்ற பெயருக்கு மட்டும் தடை சொன்னால், அதே நோயாளிக்கு "நிமோனியா" என்று பெயரெழுதி மருந்து தர இயலும். ஏட்டில் குறைவு தெரியும்; மருந்துக்கடையில் தெரியாது. ஆதலால் ஒரு நோய்ப்பெயருக்குரிய விழுக்காட்டோடு, எல்லா வருகைகளுக்குமான மொத்தப் பரிந்துரையையும் அளத்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, பாதுகாப்பு. மருந்தைக் குறைப்பது மட்டுமே இலக்கு எனில், எவருக்கும் மருந்து தராத நிரலே சிறந்த நிரலாகிவிடும். மருந்து தேவைப்பட்டும் பெறாத ஒரு குழந்தை, தேவையின்றிப் பெற்ற பல குழந்தைகளின் கணக்கில் மறைந்துவிடக்கூடாது. ஏழாம் நாளில் நோயாளி எப்படி இருக்கிறார் என்பதையும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாரா என்பதையும் பின்தொடராத எந்த ஆய்வும் முழுமை பெற்றதாகாது.

7. இந்தியச் சூழலும் தேவைகளும்

இந்தியா 2017-இல் மருந்து எதிர்ப்புத் திறனுக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதற்கு முன்னரே, 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை, குறிப்பிட்ட 46 மருந்துகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி பெயர்களுடன் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று மருந்துக்கடைகளைப் பணித்தது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் நுண்ணுயிர் எதிர்ப்பிகளை எளிதில் கிடைக்க வேண்டியவை, கண்காணிப்புக்குரியவை, இறுதிக்காகச் சேமிக்க வேண்டியவை என மூவகைப்படுத்தியது. இவை யாவும் எந்த மருந்து என்பதை நெறிப்படுத்துகின்றன. இந்த நோயாளிக்கு மருந்து வேண்டுமா என்ற முதற்கேள்வி மருத்துவரின் மேசையில் அப்படியே உள்ளது.

அக்கேள்விக்கான விதிகள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. குழந்தை நோய்களுக்கான ஒருங்கிணைந்த மேலாண்மை முறையும் அதன் மூச்சு எண்ணிக்கை வரம்புகளும் கிராம சுகாதாரச் செவிலியர் வரை கற்பிக்கப்பட்டுள்ளன. கைக்கணினி முடிவுத்துணையையும் இரத்த ஆக்சிஜன் அளவியையும் முதல்நிலையில் சோதித்த பன்னாட்டுத் திட்டமொன்றில் தான்சானியா, கென்யா, செனகல் ஆகியவற்றோடு உத்தரப் பிரதேசமும் இடம்பெற்றது.

பிற நாட்டு நிரலை அப்படியே கொணர்வது பயன் தராது என்பதற்கு நியூயார்க் கணிப்பானின் அனுபவமே போதும். மலேரியா மிகுந்த நாட்டிற்கு எழுதப்பட்ட காய்ச்சல் விதி, டெங்குவும் டைபாய்டும் உண்ணிக்காய்ச்சலும் காணப்படும் தமிழ்நாட்டு மாவட்டத்திற்குப் பொருந்தாது. அவ்வட்டாரத்தில் எப்பாக்டீரியா எம்மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்ற ஆய்வக அறிக்கையும் அறிவுத்தளத்தில் சேர்தல் வேண்டும். காலைப் புறநோயாளி வரிசை நகரும் வேகத்தில் பல திரைகளை நிரப்புவது இயலாத செயல். வெப்பநிலை, எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைச் செவிலியர் வரிசையிலேயே பதிந்து, மருத்துவர் முன் நோயாளி அமரும்போது அறிவுரை ஆயத்தமாக இருப்பது நடைமுறைக்கு ஏற்றது. "இன்று மருந்து தேவையில்லை, இவ்வறிகுறிகள் தோன்றினால் உடனே வருக" என்னும் தாளைத் தமிழில் அச்சிட்டுத் தாயின் கையில் தருவதும் அமைப்பின் பகுதியாக வேண்டும். மருந்தின்றித் திரும்பும் தாய், கவனிக்கப்படாமல் அனுப்பப்பட்டதாக எண்ணலாகாது. அவ்வாறு எண்ணினால் அடுத்த நிறுத்தம் மருந்துக்கடையாகவே இருக்கும். அங்கே எந்த நிரலும் இல்லை.

பொறுப்பு பற்றிய வினாவும் எஞ்சுகிறது. நிரலின் அறிவுரைப்படி மருந்து தவிர்க்கப்பட்டு நோய் முற்றினால் பொறுப்பு எவருடையது? அறிவுரையை மீறும் உரிமை மருத்துவருக்கு எப்போதும் இருத்தல் வேண்டும். மீறியதற்கான காரணம் ஒரு வரியில் பதிவாதல் வேண்டும். அப்பதிவுகள் தண்டனைக்கான சான்றாகாமல், விதியைத் திருத்துவதற்கான தரவாகப் பயன்படும்போதே மருத்துவரின் நம்பிக்கை நிலைக்கும்.

8. முடிவுரை

கணினி மருத்துவரைவிடச் சரியான மருந்தைக் கூறவல்லது என்பது மைசின் காலத்திலேயே நிறுவப்பட்டுவிட்டது. அவ்வறிவை, ஐயமும் அச்சமும் நேரநெருக்கடியும் நிறைந்த சில நிமிடங்களுக்குள் மருத்துவரின் பணியை மிகுவிக்காமல் எவ்வாறு சேர்ப்பது என்பதே எஞ்சியுள்ள ஆய்வுச்சிக்கல். பணியோட்டத்தோடு இணைந்து, ஐயத்தைக் குறைக்கும் பரிசோதனையையும் உடன் கொண்டு, மருத்துவருக்குத் தம் பரிந்துரையைக் காட்டும் கண்ணாடியாகவும் அமையும் அமைப்புகள் வெற்றி பெற்றுள்ளன. தனித்து நிற்பவை திறக்கப்படாமல் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் இத்தகைய அமைப்பை வடிவமைக்க முற்படும் கணினித்துறை ஆய்வாளர்கள் தம் முதல் நாளை நிரலெழுதுவதில் செலவிடாமல், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலைநேரப் புறநோயாளி வரிசையைப் பார்த்துக் குறிப்பெடுப்பதில் செலவிடுதல் நன்று. பயன்பாட்டு அளவு, மொத்தப் பரிந்துரை, ஏழாம் நாள் நலம் ஆகிய மூன்றையும் ஒப்பீட்டுக் குழுவோடு சேர்த்து அளக்கும் ஆய்வுகளே இத்துறைக்கு அடுத்த தேவை.